கார்புரேட்டருக்கு வைத்த பொட்டு

சேலையூர் ஏரியில் நீர் நிறைந்திருக்கும் மாதங்களில் நாரைகளும் முக்குளிப்பான்களும் ஒரே கரையில் இரை தேடும். அவற்றைப் பற்றி ஒரு கதை உண்டு. ஆழமில்லாத நீரில் அசையாமல் நின்று மீனைக் கண்டுகொள்ளும் வித்தையை ஒரு நாரை தன் அண்டையிலிருந்த முக்குளிப்பானுக்குச் சொல்லிக் கொடுத்ததாம். முக்குளிப்பானுக்கு முங்கி நீந்தவும் தெரியும் அல்லவா? பார்க்கவும் கற்றுக்கொண்ட பிறகு அது நாரையைவிட அதிகமாக மீன் பிடித்தது. கரையில் இருந்த பறவைகளெல்லாம், “முக்குளிப்பான் இன்று என்ன பிடித்தது?” என்று விசாரிக்கத் தொடங்கின. நாரையை ஒருவரும் விசாரிக்கவில்லை. பொறுக்க மாட்டாத நாரை ஒரு நாள் சேற்றைக் காலால் கிளறித் தண்ணீரைக் கலக்கிவிட்டது. கலங்கிய நீரில் முக்குளிப்பானுக்கு மீன் தெரியவில்லை. நாரைக்கும் தெரியவில்லை.

அந்த ஏரிக்கு அருகில் இருந்த காலனியில், எண்பதுகளின் பிற்பகுதியில், ராஜகோபாலன் என்பவர் வாழ்ந்தார். நல்ல மனிதர். அடுத்த வீட்டுக் குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பார். தெருவிளக்கு எரியாவிட்டால் தாமே மின்வாரிய அலுவலகத்துக்கு நடப்பார். அண்ணா சாலையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு அதிகாரியாக இருந்த அவர், வெகுநாள் ஆசைப்பட்டு, பல கைகள் மாறி வந்த ஒரு பழைய ஃபியட் காரை வாங்கினார்.

கார் வீட்டில் நின்ற நாள்களைவிடப் பட்டறையில் நின்ற நாள்களே அதிகம். எப்போது போய்க் கேட்டாலும், “சாயங்காலம் வாங்க சார், ஆயிடும்” என்பார்கள். எந்தச் சாயங்காலம் என்று சொல்ல மாட்டார்கள். ஒரு நாள் ராஜகோபாலன் வெறுத்துப்போய், “இனிமேல் என் வண்டிக்கு நானே மெக்கானிக்” என்று மனைவி ரமாவிடம் அறிவித்தார். பழைய வண்டிச் சாமான்கள் விற்கும் புதுப்பேட்டைக்குப் போய் ஸ்பேனர்கள், ஜாக்கி, ஒரு திருப்புளி வரிசை, பழுதுபார்க்கும் முறைகளைப் படத்துடன் விளக்கும் ஒரு தடித்த புத்தகம் ஆகியவற்றை வாங்கி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கிழிந்த பாயை விரித்துக் காரின் அடியில் படுத்துவிடுவார். ரமா புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, அவர் கேட்டதை எடுத்துக் கொடுப்பாள்.

“பன்னிரண்டு பதிமூணு ஸ்பேனர் குடு.”

“இந்தாங்க.”

“இது பத்து பதினொண்ணு. நம்பர் போட்டிருக்கு பாரு. படிக்கத் தெரியாதா?”

அது ஆரம்ப காலம். அடுத்த வருடம் அந்த ஸ்பேனர்களை ரமா கண்ணால் பார்க்காமலே கையின் கனத்தைக் கொண்டு எடுத்துக் கொடுத்தாள். அதற்கு அடுத்த வருடம், அவர் கேட்பதற்கு முன்பே கொடுத்தாள். படம் பார்த்துப் படித்ததெல்லாம் அவளுக்கு மனத்தில் தங்கியது. அவளுடைய மெல்லிய கை, அவருடைய முழங்கை நுழையாத இடங்களில் எளிதாக நுழைந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அவளுக்குக் காது இருந்தது. அடுக்களையில் குக்கர் மூச்சுவிடும் விதத்திலேயே உள்ளே இருப்பது பருப்பா கிழங்கா என்று சொல்பவள், இன்ஜின் சத்தத்தையும் அப்படியே கேட்டாள்.

முதல் தடவை அவள், “மூணாவது பிளக் எரியலைன்னு நினைக்கிறேன்” என்று சொன்னபோது ராஜகோபாலன் சிரித்தார். கழற்றிப் பார்த்ததில் மூன்றாவது பிளக் கரி பிடித்திருந்தது. அன்று அவர் பெருமைப்பட்டு, காலனி முழுவதும், “என் சிஷ்யை” என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். சிஷ்யை என்ற சொல் இருக்கும் வரைக்கும் அவருக்கு ஒன்றும் வலிக்கவில்லை.

வலி தொடங்கியது ரொட்டிக்கார ஞானையாவால். அகரம்தென் பக்கத்துக் கிராமத்திலிருந்து மொபெட்டில் பெட்டி கட்டி, பன்னும் ரொட்டியும் விற்க வருபவர் அவர். ஒரு நாள் காலையில் அவருடைய மொபெட் காலனி முனையில் நின்றுவிட, அதைத் தள்ளிக்கொண்டு வந்து ராஜகோபாலன் வீட்டு வாசலில் நிறுத்தினார்.

ராஜகோபாலன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கி வந்தார். “என்ன ஞானையா, ஸ்டார்ட் ஆகலையா? இரு, பார்க்கிறேன்.”

“நீங்க இன்னாத்துக்கு சார் சிரமப்படறீங்கோ? அக்கா கீறாங்களா?”

“ஏன், நான் பார்த்தா ஆகாதா?”

“ஐய, அப்டி சொல்லல சார். ஆபீஸ் போற நேரம், சட்ட பேஜாராப் பூடும். அக்காவக் கூப்டுங்கோ, ஒரு நிமிசத்துல முடிச்சிருவாங்கோ.”

ரமா வந்தாள். மொபெட்டின் பிளக்கைக் கழற்றி, உப்புத்தாளில் தேய்த்து, பழைய போஸ்ட்கார்டு ஒன்றின் விளிம்பை இடுக்கில் செருகி அளவு பார்த்து மாட்டினாள். ஞானையா உதைத்தார், வண்டி கிளம்பியது. அக்காவுக்கு அவர் அன்பளிப்பாகக் கொடுத்த பன்னை ராஜகோபாலன் தொடவில்லை.

பிறகு ஒரு மாலை, தாம்பரம் ரயில் நிலையத்து வாசலில் கூட்டத்தோடு வெளியே வந்தபோது, ஞானையா யாரிடமோ தம்மைச் சுட்டிக்காட்டிச் சொல்வது அவர் காதில் விழுந்தது.

“அவர் யாருன்னு தெர்லயா? நம்ம ஃபியட் அக்கா வூட்டுக்காரரு.”

அன்று முதல் அவருக்குள் ஒன்று எரியத் தொடங்கியது. ரமா கை வைத்த பிறகு கார் நன்றாக ஓடினால் அவருக்கு முகம் சுண்டியது. எங்காவது நின்று முரண்டு பிடித்தால், வெயிலில் தள்ளிக்கொண்டு வரும்போதுகூட, உள்ளூர ஒரு திருப்தி எழுந்தது. அவள் கைவிரல் நுனிகளில் இருந்த கிரீஸ் கறையைக் கண்டால், அது தமக்கு வர வேண்டியது என்று தோன்றியது. கருவிப் பெட்டிக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டு, சாவியை அலுவலகத்துக்கு எடுத்துப் போனார்.

“எதுக்குங்க பூட்டு?” என்று ரமா கேட்டாள்.

“திருட்டுப் பயம்.”

ரமா மேற்கொண்டு கேட்கவில்லை. அவளுக்கு எல்லாச் சத்தமும் கேட்கும்.

காலனியில் பறிபோன பெயர் ஒரே ஓர் இடத்தில் பத்திரமாக இருந்தது. அலுவலகத்தில் அவர்தாம் இன்னும் மெக்கானிக். மதிய உணவு வேளையில் பிளக்கையும் பாயின்டையும் பற்றி அவர் விளக்கும்போது சக ஊழியர்கள் டிபன் பாக்ஸை மூட மறந்து கேட்பார்கள். மூன்றாவது பிளக் கதையையும் சொல்வார். அதில் ரமா வர மாட்டாள். மேலாளர் ஸ்ரீநிவாசனும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஒரு நாள் சொன்னார்: “ராஜகோபாலன், விஜயதசமிக்கு நானும் என் வொய்ஃபும் திருநீர்மலை போகணும்னு இருக்கோம். உங்க கை பட்ட வண்டியிலேயே போயிடலாமா? உங்க மிஸஸையும் கூட்டிட்டு வாங்க.”

ராஜகோபாலனுக்கு மகிழ்ச்சியும் அச்சமும் சேர்ந்தே வந்தன. கார் சிறிது நாளாக இருமிக்கொண்டிருந்தது. பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும் என்று ரமா சொல்லியிருந்தாள். அவள் சுத்தம் செய்த காரில் மேலாளரை ஏற்றிப் போய்ப் பாராட்டு வாங்க அவருக்கு மனம் ஒப்பவில்லை. இந்தத் தடவை முழுக்கத் தம் கையாலேயே செய்ய வேண்டும் என்று முடிவு கட்டினார். இடையில் ஒரு நாள்கூட அதற்கு ஒழியாமல், ஆயுத பூஜையன்று காலையில்தான் பெட்டியைத் திறந்தார்.

“நீ சுண்டலைப் பாரு ரமா. இதை நான் பார்த்துக்கறேன்.”

“சுண்டல் குக்கர்ல ஏத்தியாச்சு. வந்து ஒரு கை குடுக்கறேன், சேர்ந்து பண்ணா சீக்கிரம் ஆயிடும்.”

“ஒரு கை போதும். என் கை.”

ரமா உள்ளே போய்விட்டாள். அவர் செய்தித்தாளை விரித்துக் கார்புரேட்டரைப் பகுதி பகுதியாகக் கழற்றிப் பெட்ரோலில் கழுவினார். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் நினைத்ததைவிட நேரம் ஆகிவிட்டது. பூஜைக்கு உரிய நல்ல நேரம் முடியப் போவதாக உள்ளிருந்து குரல் வந்தபோது, பாகங்கள் இன்னும் செய்தித்தாளின் மேல் கிடந்தன. பூஜையில் வைத்த கருவிகளை மறுநாள் காலை வரை தொடக் கூடாது. கருவி இல்லாமல் பூட்டுவது எப்படி? அதனால் அவர் பாகங்களையும் எடுத்துக்கொண்டு போய், சரஸ்வதி படத்தின் முன்னால், ஸ்பேனர்களுக்குப் பக்கத்தில், வாழையிலையின் மேல் வரிசையாக அடுக்கினார்.

ஆண்டுதோறும் கருவிகளுக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பது ரமாவின் பங்கு. இந்த ஆண்டு சந்தனக் கிண்ணத்தை அவரே எடுத்துக்கொண்டார். தாம் கழற்றிய ஒவ்வொன்றுக்கும் தாமே பொட்டு வைக்க வேண்டும் என்ற வேகம். கார்புரேட்டரில் பெட்ரோல் நிற்கும் கிண்ணம், மூடி, மிதவை, திருகுகள் என்று ஒன்றையும் விடவில்லை. கடைசியில் ஜெட் வந்தது. அது சுண்டுவிரல் நகத்தளவே உள்ள ஒரு பித்தளைத் திருகு. அதன் நடுவில் ஓர் ஊசித்துளை. கார் வேகமெடுக்கத் தேவையான பெட்ரோல் முழுவதும் அந்தத் துளை வழியாகத்தான் போயாக வேண்டும். அதன் தலையிலும் குளிரக் குளிர ஒரு சந்தனப் பொட்டை அழுத்தி வைத்து, மேலே குங்குமமும் இட்டார்.

சுண்டல் பாத்திரத்தோடு வந்த ரமா நின்றாள். “என்னங்க, அதுக்குப் போய்—”

“ஏன்? ஸ்பேனர் மட்டும்தான் ஆயுதமா? நான் வெச்சா சரியா இருக்காதா?”

“நான் ஒண்ணும் சொல்லலை” என்று ரமா பாத்திரத்தை இறக்கி வைத்தாள்.

இரவெல்லாம் சந்தனம் காய்ந்தது.

விஜயதசமியன்று காலையில் புனர்பூஜை முடிந்ததும் ராஜகோபாலன் ஒவ்வொரு பாகத்தையும் துணியால் துடைத்துப் பூட்டினார். மேலே இருந்த பொட்டுகள் போய்விட்டன. சாவியைத் திருப்பினார், இன்ஜின் உடனே கிளம்பி, மெல்லிய முனகலோடு சீராக ஓடியது. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, காரை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். ஆக்சிலேட்டரைப் பெருமையோடு ஒரு தடவை அழுத்தினார். கண்ணாடி முன் மல்லிகைச் சரத்தைக் கூந்தலில் செருகிக்கொண்டிருந்த ரமாவின் கை ஒரு கணம் நின்றது. பிறகு செருகி முடித்தது.

அவர் உள்ளே வந்து, “ஒண்ணு சொல்லணும். சார் எதிர்ல நீ காரைப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது” என்றார்.

“பேசலை.”

“நிச்சயமா?”

“கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணணுமா?”

குரோம்பேட்டையில் மேலாளரும் அவர் மனைவி சாவித்ரியும் பட்டு உடுத்தி, தேங்காய்க் கூடையோடு காத்திருந்தார்கள். மேலாளர் முன்னால் ஏறிக்கொண்டார். பின் இருக்கையில் சாவித்ரிக்குப் பக்கத்தில் ரமா, மடியில் கை கோத்து, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்தாள்.

“கேக்கறியா சாவித்ரி? வண்டி எவ்வளவு ஸ்மூத்! எல்லாம் இவர் கைங்கரியம்” என்றார் மேலாளர்.

“நேத்துதான் சார் கார்புரேட்டரை இறக்கி ஏத்தினேன். தனி ஆளா. கார்புரேட்டர்ங்கறது மனுஷனுக்கு நுரையீரல் மாதிரி” என்று ராஜகோபாலன் தொடங்கினார்.

நுரையீரலைப் பற்றிய விளக்கம் பல்லாவரம் வரை தாங்கியது. அங்கே மேற்கே திரும்பி, கல்குவாரி லாரிகள் புழுதி கிளப்பும் சாலையில் சற்று வேகமெடுத்ததும் கார் ஒரு முறை விக்கியது. பிறகு அடிக்கடி விக்கியது. கார்புரேட்டர் கிண்ணத்தின் மூலைகளில் ஒட்டியிருந்த காய்ந்த சந்தனத்தைப் பெட்ரோல் கொஞ்சங்கொஞ்சமாகக் கழுவிக்கொண்டுவந்து, ஏற்கெனவே பாதி அடைந்திருந்த ஊசித்துளையில் சேர்த்துக்கொண்டிருந்தது. மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், ஏரிக்கரையோரம், கார் நின்றே போனது.

“பெட்ரோல் இருக்கோ?” என்றார் மேலாளர்.

“இருக்கு சார். சின்ன விஷயம்தான்.”

ராஜகோபாலன் இறங்கி இன்ஜின் மூடியைத் தூக்கினார். பிளக்குகளைக் கழற்றித் துடைத்தார், கிளம்பியது, நின்றது. ஒயர்களை ஆட்டினார், கிளம்பியது, நின்றது. மேலாளர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலிருந்து தள்ளிப் பார்த்தார். கடந்து போன லாரியிலிருந்து ஒருவர், “இன்னா சாமி, வண்டிக்கும் பிரதட்சணமா?” என்று கத்திவிட்டுப் போனார்.

“நடை சாத்திடப் போறாங்க. நீங்க எக்ஸ்பர்ட்டாச்சே, சொல்லுங்க, என்ன பண்ணலாம்?” மேலாளரின் குரலில் பழைய இனிமை சற்றுக் குறைந்திருந்தது.

காருக்குள் சாவித்ரி ரமாவின் காதருகே, “உங்களுக்கு இதைப் பத்தி ஏதாவது தெரியுமா?” என்று கேட்டாள்.

“அவர் பார்த்துப்பார்” என்றாள் ரமா.

ராஜகோபாலன் கடைசியில் ஜெட்டைக் கழற்றி வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். துளை தெரியவில்லை. துளை இருந்த இடத்தில் மஞ்சளாக ஒரு புள்ளி தெரிந்தது. மூக்கருகே கொண்டுபோனார். பெட்ரோல் நெடிக்கு ஊடே மெலிதாகச் சந்தனம் மணத்தது.

அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஊதிப் பார்த்தார், சந்தனம் கல்லாக இறுகியிருந்தது.

“ஏதோ அடைச்சிருக்கு சார். ஒரு ஊக்கு கிடைச்சா குத்தி எடுத்துடலாம்.”

சாவித்ரி தன் புடவையிலிருந்து ஓர் ஊக்கைக் கழற்றி ஜன்னல் வழியே நீட்டினாள். ராஜகோபாலன் அதை வாங்கி, நிமிர்த்தி, முனையைத் துளையின் மேல் வைத்தார். அப்போது பின் இருக்கையைப் பார்க்க நேர்ந்தது. ரமா முன் இருக்கையின் முதுகை இரண்டு கையாலும் இறுகப் பற்றியிருந்தாள். அவள் வாய் திறக்கவில்லை. தலை மட்டும், வேண்டாம் வேண்டாம் என்று, மிக லேசாக அசைந்தது.

புத்தகத்தின் அந்தப் பக்கம் அவருக்கு நினைவு வந்தது. இரும்பைக் கொண்டு குத்தினால் துளை அகன்றுவிடும். பிறகு ஜெட் எதற்கும் உதவாது. அந்த வரியை முக்காலியில் உட்கார்ந்து உரக்கப் படித்துக் காட்டியவளும் அவள்தான். குத்தினால் கார் எப்படியோ இன்று கிளம்பலாம், பெயரும் தப்பலாம். குத்தாமல் இருப்பதென்றால் ஒரே வழிதான் இருந்தது. அலுவலகத்தில் மிச்சமிருந்த அந்தக் கடைசிப் பெயரை, மேலாளரின் கண் முன்னால், தம் வாயாலேயே கொடுத்துவிட வேண்டும்.

அவர் ஊக்கைக் கீழே வைத்தார்.

“ரமா, கொஞ்சம் இறங்கி வரியா?”

அவள் இறங்கி வந்தாள். ஜெட்டை வாங்கிப் பார்த்தாள். அவரை ஒரு பார்வை பார்த்தாள். கூந்தலிலிருந்து மல்லிகைச் சரத்தை எடுத்து, பூக்கட்டிய வாழைநாரின் நுனியைக் கிள்ளி, நகத்தால் மயிரிழையாகக் கிழித்தாள். ஜெட்டைப் பெட்ரோலில் நனைத்து, நாரைத் துளையில் மெல்லத் திருகித் திருகி நுழைத்தாள். மறுபக்கம் நார் தலைகாட்டியது. மஞ்சள் துகள்கள் அவள் உள்ளங்கையில் உதிர்ந்தன. கிண்ணத்தையும் ஒரு முறை வழித்துத் துடைத்தாள்.

“பத்து பதினொண்ணு” என்று கையை நீட்டினாள்.

ராஜகோபாலன் எடுத்துக் கொடுத்தார்.

“இது பன்னிரண்டு பதிமூணு” என்றாள் ரமா. படிக்கத் தெரியாதா என்று அவள் கேட்கவில்லை. அவர் மாற்றிக் கொடுத்தார்.

கார் கிளம்பியது. ரமா ஆக்சிலேட்டர் கம்பியைக் கையால் இழுத்து, தலையைச் சாய்த்துக் கேட்டு, மூடியை இறக்கினாள். மேலாளர் வாய் திறந்தபடி நின்றிருந்தார்.

“அப்போ... மெக்கானிக் யாரு ராஜகோபாலன்?”

“இவங்கதான் சார். ரொம்ப நாளாவே இவங்கதான். மூணாவது பிளக்கும் இவங்க கண்டுபிடிச்சதுதான்.”

“அட ராமா! இதை ஏன்யா இத்தனை நாள் சொல்லலை? நாளைக்கு ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்றேன் பாருங்க!”

சொல்லுவார் என்பதில் ராஜகோபாலனுக்கு ஐயமே இல்லை.

மலைப்படிகளில் மேலாளர் ரமாவுக்குப் பக்கத்திலேயே ஏறினார். “மேடம், எங்க வண்டில கியர் மாத்தும்போது கர்ர்னு ஒரு சத்தம் வருது. அது எதனால இருக்கும்?” என்று அவர் கேட்பதும், “கிளட்ச் கேபிளைப் பார்த்தீங்களா?” என்று அவள் கேட்பதும் மேலிருந்து காற்றில் வந்தன. சாவித்ரியின் தேங்காய்க் கூடையைச் சுமந்துகொண்டு பின்னால் ஏறிய ராஜகோபாலனுக்கு ஒவ்வொரு சொல்லும் நெஞ்சில் போய்த் தைத்தது. உண்மையைச் சொன்னால் இந்த எரிச்சல் அடங்கிவிடும் என்று அவர் நம்பியிருந்தார். அடங்கவில்லை. ஆனால் ஊக்கைக் கீழே வைத்துவிட்டோம் என்ற நினைப்பு அதனோடு கூடவே படியேறி வந்தது.

தரிசனம் முடிந்து மண்டபத்தில் மற்றவர்கள் சற்றுத் தள்ளி உட்கார்ந்தபோது, அவர் ரமாவின் அருகில் வந்தார்.

“காலைல நான் ஆக்சிலேட்டர் அழுத்தினப்பவே உனக்குத் தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது.”

“ஏன் சொல்லலை?”

“காரைப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாதுன்னீங்களே.”

“அது சார் எதிர்லதானே! அப்போ சார் இல்லையே.”

“நேத்து பொட்டு வெக்கறப்போ சொல்ல வந்தேன், விட்டீங்களா? பெட்டிக்குப் பூட்டு வேற.” அவள் குரல் தாழ்ந்தது. “எனக்கும் கோபம் இருக்காதா? ஒரு தடவை நிக்கட்டும்னுதான் இருந்தேன். இவ்வளவு பேர் நடுவுல நிக்கும்னு நினைக்கலை.”

ராஜகோபாலன் சட்டைப் பையில் துழாவி, கருவிப் பெட்டியின் சாவியை எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் அதைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

அப்போது பட்டர் தட்டோடு வந்து, துளசியும் ஒரு சிட்டிகைச் சந்தனமும் கொடுத்தார். சந்தனத்தை வலக்கையில் வாங்கிய ராஜகோபாலன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“நெத்தியிலதான் வெச்சுக்கணும்” என்றாள் ரமா. “பயப்படாதீங்க, அங்க ஓட்டை இல்லை.”